திரையும் அட்டவணையும்: ஜாவா வலைச் சட்டகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு பெரிய மருத்துவமனையின் இரத்த வங்கியைக் கற்பனை செய்து கொள்வோம். நேரம் நள்ளிரவு. குளிர்பெட்டியில் 'ஓ நெகடிவ்' வகை இரத்தம் ஒரே ஒரு பைதான் எஞ்சியிருக்கிறது. விபத்துப் பிரிவிலிருந்து ஒரு வேண்டுகோள் வருகிறது. மகப்பேற்றுப் பிரிவிலிருந்து மற்றொன்று வருகிறது. இரு பணியாளர்கள் தத்தம் கணிப்பொறியின் முன் அமர்ந்து அந்தப் பையின் விவரத்தைத் திறக்கின்றனர். இருவர் திரையிலும் அது 'இருப்பில் உள்ளது' என்றே தெரிகிறது. சில நிமிட இடைவெளியில் இருவரும் 'ஒதுக்கு' என்னும் பொத்தானை அழுத்துகின்றனர். 'ஒதுக்கப்பட்டது' என்ற செய்தி இருவருக்குமே கிடைக்கிறது. பையோ ஒன்று, நோயாளிகளோ இருவர்!

இப்பிழை எங்கே நேர்ந்தது? தரவுத்தளம் தனக்கு இடப்பட்ட கட்டளையைச் சரியாகவே நிறைவேற்றியது. திரையும் தனக்குத் தரப்பட்டதைச் சரியாகவே காட்டியது. இவை இரண்டும் கைகோக்கும் இடத்தில்தான் கோளாறு நிகழ்ந்துள்ளது. ஜாவா மொழியில் இத்தகைய செயலிகளை எழுதுவோர், தரவைச் சேமிக்க ஒரு கருவியையும் திரையை அமைக்க ஒரு கருவியையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கின்றனர். சேமிப்புக் கருவிக்குப் பொருந்தும் திரைக் கருவி எது என்ற கேள்வியைப் பலர் கடைசியாகவே கேட்கின்றனர். அக்கேள்வியை முதலில் கேட்டால் எவ்வாறு விடை காணலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரு வேறு உலகங்கள்

தரவுகளை அட்டவணைகளாக அமைத்து வைக்கும் முறைக்கு வித்திட்டவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்த இவர், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில், 1970ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். தரவுகள் எல்லாவற்றையும் நிரை, நிரல் கொண்ட அட்டவணைகளாகக் கருதினால், அவற்றைக் கணித முறைப்படி கையாளலாம் என்பது அதன் சாரம். இன்று உலகெங்கும் வழங்கும் உறவுமுறைத் தரவுத்தளங்கள் அதன் வழிவந்தவையே.

ஜாவா மொழியின் பரம்பரை வேறு. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய 'சிமுலா 67' என்ற மொழியில் தோன்றியது 'ஆப்ஜெக்ட்' எனப்படும் பொருள் என்னும் கருத்து. ஒன்றைப் பற்றிய செய்திகளையும், அதன்மேல் நிகழ்த்தக்கூடிய செயல்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைப்பதே பொருள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜாவாவும் இந்த மரபைச் சேர்ந்ததே.

நம் இரத்த வங்கியையே எடுத்துக் கொள்வோம். தரவுத்தளத்தில் கொடையாளர், இரத்தப்பை, பரிசோதனை என மூன்று அட்டவணைகள் இருக்கும். ஒவ்வொரு பையின் நிரையிலும், அதைத் தந்த கொடையாளரின் எண் குறிக்கப்பட்டிருக்கும். ஜாவாவிலோ, கொடையாளர் என்னும் பொருள் தன் பைகளின் பட்டியலைத் தானே கையில் வைத்திருக்கும். ஒவ்வொரு பையும் தன் பரிசோதனைகளின் பட்டியலை வைத்திருக்கும். அட்டவணையில் ஒரு நிரையை அடையாளம் காட்டுவது அதன் எண். நினைவகத்தில் ஒரு பொருளை அடையாளம் காட்டுவதோ அது இருக்கும் இடம். ஒரே பையின் விவரத்தை இருமுறை படித்தால், நினைவகத்தில் இரு தனிப் பொருள்கள் தோன்றிவிடக்கூடும். இவ்விரு உலகங்களுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது இதனாலேயே.

அம்மொழிபெயர்ப்பாளரே 'நிலைச் சேமிப்பு அடுக்கு'. ஆஸ்திரேலியரான கேவின் கிங் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஹைபர்நேட்' இவற்றுள் மிகவும் புகழ் பெற்றது. அதற்கும் முன்னரே, 'ஸ்மால்டாக்' மொழிக்காகக் கனடாவில் பிறந்து பின்னர் ஜாவாவுக்கு வந்த 'டாப்லிங்க்' இருந்தது. இன்றைய 'எக்லிப்ஸ்லிங்க்' அதன் வாரிசு. இவற்றுக்கெல்லாம் பொதுவான இலக்கணம் ஒன்று 2006ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஜே.பி.ஏ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட அது, இப்பொழுது 'ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ்' என வழங்குகிறது.

சேமிப்பு அமர்வு

இந்த அடுக்கின் இதயம் 'அமர்வு' எனப்படுவது. ஹைபர்நேட் இதனை 'செஷன்' என்று அழைக்கிறது. ஓர் அமர்வு திறந்திருக்கும் வரை அது மூன்று பணிகளைச் செய்கிறது.

முதலாவது, அடையாளம் காத்தல். ஓர் அமர்வுக்குள் 17ஆம் எண் பையை எத்தனை முறை கேட்டாலும் ஒரே பொருளே கிடைக்கும். இரண்டாவது, மாற்றங்களைக் கவனித்தல். பையின் நிலையை நாம் நிரலில் மாற்றினால் போதும். அதற்குரிய கட்டளையை உருவாக்கித் தரவுத்தளத்துக்கு அனுப்புவது அமர்வின் பொறுப்பு. மூன்றாவது, தேவைப்படும்போது மட்டும் ஏற்றுதல். நிரலர்கள் இதனை 'லேசி லோடிங்' என்பர். கொடையாளர் ஒருவரைக் கேட்டால் அவருடைய பைகள் அனைத்தையும் அப்பொழுதே கொண்டுவராமல், அவற்றின் இடத்தில் ஒரு பதிலியை அமர்வு வைத்துவிடும். அந்தப் பட்டியலை நாம் தொடும் கணத்தில்தான் தரவுத்தளத்துக்கு வினவல் செல்லும்.

இம்மூன்றாம் பணி மிகவும் பயனுடையது. இஃது இல்லாவிடில், ஒரு கொடையாளரைக் கேட்டதற்காக அவருடைய பைகளும், பைகளின் பரிசோதனைகளும், அவற்றைச் செய்த பணியாளர்களும் எனச் சங்கிலித் தொடராகத் தரவுத்தளமே நினைவகத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பதிலியைத் தொடும் நேரத்தில் அமர்வு திறந்திருக்க வேண்டும். மூடிய பின் தொட்டால் ஹைபர்நேட் ஒரு பிழைச் செய்தியைத் தந்து நின்றுவிடும். 'லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன்' என்னும் அப்பெயரை அறியாத ஹைபர்நேட் நிரலர் இலர் எனலாம். அமர்வு மூடிய பின் எஞ்சி நிற்கும் பொருளைத் 'துண்டிக்கப்பட்ட பொருள்' என்பர். தாய்மரத்திலிருந்து ஒடித்த கிளையைப் போல, அதில் ஏற்கெனவே உள்ள இலைகள் இருக்கும். புதுத் தளிர் வராது.

வலையின் மறதி

இனி, திரையின் பக்கம் வருவோம். உலாவியும் வழங்கிக் கணிப்பொறியும் எச்.டி.டி.பி. என்ற நெறிமுறைப்படி பேசிக்கொள்கின்றன. இந்நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. உலாவி ஒரு வேண்டுகோளை அனுப்பும். வழங்கி ஒரு விடையைத் தரும். அத்துடன் அந்த உறவு முடிந்தது. அடுத்து வரும் வேண்டுகோள் அதே மனிதருடையதுதானா என்பதுகூட நெறிமுறைக்குத் தெரியாது. இக்குறையைப் போக்கவே 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்பவர் 'குக்கி' எனப்படும் சிறு அடையாளச் சீட்டை வகுத்தார். அச்சீட்டைக் கொண்டு, ஒவ்வொரு பயனருக்கும் உரிய குறிப்புகளை வழங்கி தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இதுவும் 'அமர்வு' என்றே அழைக்கப்படுவதால் குழப்பம் நேரலாம். ஆகவே இதனைப் 'பயனர் அமர்வு' என்றும், முன்னர்க் கூறியதைச் 'சேமிப்பு அமர்வு' என்றும் வேறுபடுத்திக் கொள்வோம்.

இங்கு மூன்று வகை ஆயுட்காலங்கள் நம் முன் நிற்கின்றன. ஒரு வேண்டுகோளின் ஆயுள் சில மில்லிவினாடிகள். பையைத் தேர்ந்து, நோயாளியைக் குறித்து, பொருத்தச் சோதனையைப் பதிந்து, உறுதி செய்யும் ஒரு பணியின் ஆயுள் பல நிமிடங்கள். தரவுத்தளத்திலுள்ள நிரையின் ஆயுள் பல ஆண்டுகள். சேமிப்பு அமர்வை இவற்றுள் எதனோடு பிணைப்பது? மில்லிவினாடிகளோடு பிணைத்தால் அடுத்த திரைக்குப் போகும்போது பொருள்கள் துண்டிக்கப்பட்டு விடும். நிமிடங்களோடு பிணைத்தால் நினைவகம் நிறையும்; கையிலுள்ள செய்தியும் பழையதாகிவிடும்.

ஒரு வலைச் சட்டகம் சேமிப்பு அடுக்குக்குப் பொருந்துமா என்பதற்கான உரைகல் இதுவே. பொத்தான்களின் அழகோ, எழுத வேண்டிய வரிகளின் எண்ணிக்கையோ அன்று. அந்தச் சட்டகம் பொருள்களை எவ்வளவு நேரம், எங்கே, எந்த நிலையில் வைத்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மூவகைச் சட்டகங்கள்

ஜாவா வலைச் சட்டகங்கள் எண்ணிக்கையில் பல. எனினும் மேற்கூறிய உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் மூன்று வகைகளுள் அடங்கிவிடும்.

முதல் வகை, செயல் வழிப்பட்டவை. கிரெய்க் மெக்லானஹன் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய 'ஸ்ட்ரட்ஸ்' இவ்வகையின் முன்னோடி. 2004ஆம் ஆண்டில் முதற் பதிப்பு வெளியான 'ஸ்பிரிங்' சட்டகத்தின் வலைப் பகுதி இன்று இவ்வகையில் பரவலாக உள்ளது. வேண்டுகோள் வந்ததும் அதற்குரிய செயல் நிகழும், பக்கம் உருவாகும், பின் யாவும் மறக்கப்படும். சேமிப்பு அமர்வும் வேண்டுகோளும் ஒரே நேரத்தில் பிறந்து ஒரே நேரத்தில் மறைவதால் இங்குக் கணக்கு எளிது. ஆனால் பல திரைகளில் நீளும் பணிகளில் இடைக்காலச் செய்திகளை எங்கே வைப்பது என்பதை நிரலரே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் வகை, உறுப்பு வழிப்பட்டவை. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜாவா சர்வர் ஃபேசஸ்', அதே காலத்தில் ஜோனதன் லாக் தொடங்கிய 'விக்கெட்', பின்லாந்தில் பிறந்த 'வாடின்' ஆகியவை இதைச் சேரும். திரையிலுள்ள பட்டியல், பெட்டி, பொத்தான் ஒவ்வொன்றும் வழங்கியில் ஒரு ஜாவாப் பொருளாக வாழ்கிறது. வலையின் மறதியை மறைத்து, மேசைக் கணிப்பொறிச் செயலியைப் போல எழுத இவை இடம் தருகின்றன. நீண்ட பணிகளுக்கு இவை ஏற்றவை. ஆயின் திரை உறுப்புகள் பயனர் அமர்வில் நெடுநேரம் வாழ்வதால், அவற்றோடு ஒட்டிய சேமிப்புப் பொருள்களும் துண்டிக்கப்பட்ட நிலையில் நெடுநேரம் வாழ்ந்துவிடுகின்றன.

விக்கெட் இதற்கு ஓர் அழகிய தீர்வைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பொருளையே வைத்துக்கொள்ளாமல் அதன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, வேண்டுகோள் வரும்போது மீண்டும் படித்து, முடிந்ததும் விட்டுவிடும் 'ஏற்றி இறக்கும் மாதிரி' அது. ஃபேசஸ் சட்டகத்தில் வேறொரு சிக்கல் உண்டு. பட்டியலிலிருந்து ஒரு கொடையாளரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதும், அத்தேர்வு பட்டியலில் உள்ளதுதானா என்று அது சரிபார்க்கும். இதற்குள் பட்டியல் மறுபடி படிக்கப்பட்டுப் புதிய பொருள்கள் தோன்றியிருக்கும். இரு பொருள்கள் சமமா என்று காணும் முறையை நிரலர் எண்ணின் அடிப்படையில் எழுதாவிடில், சரியான தேர்வும் 'செல்லாது' எனத் தள்ளப்படும். திரைப் பிழைபோலத் தோன்றும் இதன் வேர், பொருளின் அடையாளம் பற்றிய பழைய சிக்கலே.

ஹைபர்நேட்டைப் படைத்த கேவின் கிங்கே இந்த இடைவெளியை உணர்ந்து, 'சீம்' என்ற மற்றொரு சட்டகத்தை உருவாக்கினார். 2006ஆம் ஆண்டில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. வேண்டுகோளுக்கும் பயனர் அமர்வுக்கும் இடைப்பட்ட 'உரையாடல்' என்னும் ஆயுட்காலத்தை அது வரையறுத்தது. ஓர் உரையாடல் முடியும் வரை சேமிப்பு அமர்வை நீட்டி வைத்தது. சீம் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் உரையாடல் என்னும் கருத்து, 2009ஆம் ஆண்டில் வந்த ஜாவாப் பெருநிறுவனப் பதிப்பின் இலக்கணத்திலேயே இடம் பெற்றுவிட்டது.

மூன்றாம் வகை, உலாவியிலேயே திரையை வரைபவை. 2006ஆம் ஆண்டில் கூகுள் வெளியிட்ட 'ஜி.டபிள்யூ.டி.' கருவி ஜாவா நிரலை உலாவிக்குரிய ஜாவாஸ்கிரிப்டாக மாற்றியது. ஹைபர்நேட் பொருள்களை அதன் வழியே உலாவிக்கு அனுப்ப முயன்றோர் உடனே இடறினர். பொருள்களுக்குள் பதுங்கியிருந்த பதிலிகளை உலாவியால் புரிந்துகொள்ள முடியவில்லை. இன்று 'ரியாக்ட்', 'ஆங்குலர்' போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் திரையை வரைய, ஜாவா தரவை மட்டும் 'ஜேசான்' வடிவில் தருகிறது. இங்குச் சேமிப்புப் பொருளை அப்படியே அனுப்பக்கூடாது. கொடையாளரிலிருந்து பைக்கும், பையிலிருந்து மீண்டும் கொடையாளருக்கும் உறவு இருப்பின், அதை எழுதத் தொடங்கும் கருவி செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலும், பையின் விவரத்தைக் கேட்ட திரைக்குக் கொடையாளரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் சேர்ந்தே போய்விடக்கூடும். ஆகவே திரைக்குத் தேவையானவற்றை மட்டும் தாங்கிச் செல்லும் சிறு 'கைமாற்றுப் பொருள்'களை எழுதுவது இவ்வகையில் இன்றியமையாதது.

திறந்த அமர்வின் விலை

துண்டிப்புப் பிழையிலிருந்து தப்ப ஒரு குறுக்கு வழி உண்டு. பக்கம் முழுவதும் எழுதி முடியும் வரை சேமிப்பு அமர்வைத் திறந்தே வைத்துவிடுவது அது. 'திரை வரை திறந்த அமர்வு' என இதனை அழைக்கலாம். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்பிரிங் பூட்' இம்முறையைத் தானாகவே இயக்கி வைக்கிறது. 2018ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து, தொடங்கும்போதே அதுபற்றி ஓர் எச்சரிக்கையையும் அச்சிடுகிறது. ஒரு கருவி தான் செய்வதைப் பற்றித் தானே எச்சரிப்பானேன்?

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். நூறு பைகளின் பட்டியலை ஒரு பக்கத்தில் காட்ட வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் பரிசோதனை முடிவுகள் வர வேண்டும். பைகளைப் படிக்க ஒரு வினவல். பின்னர்ப் பக்கம் எழுதப்படுகையில் ஒவ்வொரு பையின் பரிசோதனைப் பட்டியலும் தொடப்பட, பைக்கு ஒன்றாக நூறு வினவல்கள். ஆக மொத்தம் 101. ஒரு வினவல் சென்று திரும்ப 2 மில்லிவினாடி எனக் கொண்டால், 202 மில்லிவினாடி ஆகும். தரவுத்தளம் தொலைவிலிருந்து, ஒரு பயணத்துக்கு 20 மில்லிவினாடி ஆகுமாயின், இரண்டு வினாடிக்கு மேல் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் தரவுத்தள இணைப்பு ஒன்று பிடித்து வைக்கப்படலாம். பைகளையும் பரிசோதனைகளையும் இணைத்துக் கேட்டால் ஒரே வினவலில் இவ்வேலை முடிந்துவிடும்.

திறந்த அமர்வு பிழையை நீக்கவில்லை, மறைக்கிறது. சோதனைக் கூடத்தில் ஐந்து பைகளோடு ஓட்டிப் பார்க்கும்போது ஆறு வினவல்களின் தாமதம் கண்ணுக்குப் படாது. உண்மையான தரவு சேர்ந்த பிறகே பக்கம் தவழத் தொடங்கும். எனவே, ஒரு திரைக்கு வேண்டிய தரவு முழுவதையும் திரையை எழுதத் தொடங்குமுன் சேகரித்துக்கொள்ளத் தூண்டும் சட்டகமே சேமிப்பு அடுக்குக்கு நல்ல துணை. ஃபேசஸ் சட்டகத்தில் இதற்குத் தனிக் கவனம் தேவை. ஒரே வேண்டுகோளின்போது அது ஒரு மதிப்பைப் பலமுறை கேட்கக்கூடும். மதிப்பைத் தரும் இடத்தில் வினவலை எழுதி வைத்தவர், ஒரே வினவல் பலமுறை ஓடுவதைக் கண்டு திகைப்பார்.

இருவர் கை வைத்தால்

இப்பொழுது நம் இரத்தப்பைக்குத் திரும்புவோம். இருவர் ஒரே நிரையை மாற்ற முயலும் ஆபத்துக்குச் சேமிப்பு அடுக்கு ஓர் எளிய மருந்தை வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிரையிலும் ஒரு பதிப்பெண் இருக்கும். நிரை மாறும்தோறும் அவ்வெண் ஒன்று கூடும். 'பதிப்பெண் இன்னும் 4 ஆகவே இருந்தால் மட்டும் மாற்று' என்ற நிபந்தனையோடு அமர்வு கட்டளையை அனுப்பும். இதற்குள் வேறொருவர் மாற்றி எண் 5 ஆகியிருந்தால், கட்டளை எந்த நிரையையும் தொடாது. அமர்வு அதனை அறிந்து பிழை எழுப்பும். யாரையும் காத்திருக்க வைக்காமல், மோதல் அரிது என்னும் நம்பிக்கையில் இயங்குவதால் இதனை 'நம்பிக்கைப் பூட்டு' எனலாம்.

அப்படியாயின் இரு பணியாளர்களுக்கும் 'ஒதுக்கப்பட்டது' என்ற விடை எவ்வாறு வந்தது? பதிப்பெண் அட்டவணையில் இருந்தும் இத்தவறு நேரலாம் என்பதே பலர் அறியாத உண்மை. பணியாளர் திரையைத் திறந்தபோது பதிப்பெண் 4. அவர் பொத்தானை அழுத்தும்போது, செயல் வழிப்பட்ட நிரல் என்ன செய்கிறது? பையின் எண்ணைக் கொண்டு நிரையைப் புதிதாகப் படிக்கிறது, திரையிலிருந்து வந்த மதிப்புகளை அதன்மேல் வைக்கிறது, சேமிக்கிறது. மற்றவர் ஏற்கெனவே மாற்றியிருப்பின், இப்பொழுது படித்த பதிப்பெண்ணே 5. அதே 5ஐக் கொண்டு சோதித்தால் யாவும் சரியாகவே தோன்றும். மனிதர் கண்ட 4 எங்கோ காணாமற் போய்விட்டது! பூட்டு இருக்கிறது, ஆனால் அது காவல் காப்பது அந்தச் சில மில்லிவினாடிகளை மட்டுமே. பணியாளர் யோசித்துக்கொண்டிருந்த பல நிமிடங்களுக்குக் காவல் இல்லை.

விக்கெட்டின் ஏற்றி இறக்கும் மாதிரியும் இதே பள்ளத்தில் விழும் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு நோய்க்கு மருந்தாகிய அது, மற்றொன்றுக்கு வாயில் திறந்துவிடுகிறது. தீர்வு, மனிதர் கண்ட பதிப்பெண்ணும் திரையோடு போய்த் திரையோடு திரும்பி வருவதே. செயல் வழியில் அதனைப் படிவத்தின் மறைபுலத்தில் வைக்கலாம். உறுப்பு வழியில் பக்கத்தோடு சேர்த்து வைக்கலாம். ஜேசான் வழியில் கைமாற்றுப் பொருளில் ஓர் உறுப்பாகச் சேர்க்கலாம். திரும்பி வந்ததும், புதிதாகப் படித்த நிரையின் பதிப்பெண்ணோடு அதனை நிரலரே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திறந்த அமர்விலுள்ள பொருளின் பதிப்பெண்ணைப் பழைய எண்ணாக மாற்றி எழுதினால் போதும் என எண்ணுதல் தவறு. ஹைபர்நேட் தான் படித்தபோது குறித்துக்கொண்ட எண்ணையே நம்பும்.

அழைக்காத விருந்தாளி

வேறோர் ஆபத்தும் உண்டு. படிவத்தின் மதிப்புகளைப் பொருளின் உறுப்புகளில் தானே நிரப்பித் தரும் வசதி பல சட்டகங்களில் இருக்கிறது. சேமிப்புப் பொருளையே படிவத்தோடு பிணைத்துவிட்டால் எழுத்து வேலை குறையும் என்பது உண்மையே. ஆனால் படிவத்தில் இல்லாத ஒரு புலத்தை உலாவியிலிருந்து எவரேனும் சேர்த்து அனுப்பினால், அதுவும் பொருளில் நிரம்பிவிடக்கூடும். 'இருப்பிடம்' மட்டும் மாற்றுவதற்கான படிவத்தின் வழியே 'பாதுகாப்பானது' என்ற முத்திரையும் மாற்றப்பட்டால், பரிசோதனையில் தேறாத இரத்தம் நோயாளியின் உடலில் ஏறலாம். மாற்றங்களைத் தானே கவனித்து எழுதும் சேமிப்பு அமர்வு இதனையும் விசுவாசத்துடன் எழுதிவிடும். உறுப்பு வழிச் சட்டகங்களில், திரையில் உண்மையாக உள்ள உறுப்புகளின் மதிப்புகளே ஏற்கப்படுவதால் இவ்வாபத்து குறைவு. செயல் வழியில், ஏற்கத்தக்க புலங்களைப் பட்டியலிட்டோ தனிப் படிவப் பொருளை அமைத்தோ காத்துக்கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

எந்தச் சட்டகம் சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. நம் பணிக்கு எது பொருந்தும் என்று கேட்டால் விடை உண்டு. பட்டியல்களும் எளிய படிவங்களுமே மிகுதியாயின் செயல் வழிச் சட்டகம் போதும். அலுவலகத்துக்குள் அளவான பயனர்கள் நீண்ட, சிக்கலான பணிகளைச் செய்வராயின் உறுப்பு வழிச் சட்டகம் உழைப்பைக் குறைக்கும். அதே தரவைக் கைப்பேசிச் செயலியும் பிற நிறுவனங்களும் கேட்குமாயின் மூன்றாம் வகையே தகும். கைமாற்றுப் பொருள்களை எழுதும் கூடுதல் உழைப்புக்கு ஆயத்தமாக வேண்டும்.

காலப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட்ஸின் முதற் பதிப்புக்கான ஆதரவு 2013ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஜாவாப் பெருநிறுவனப் பதிப்பு எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கைக்கு மாறிய பின், 2020ஆம் ஆண்டில் அதன் நூலகப் பெயர்கள் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என மாற்றப்பட்டன. ஹைபர்நேட்டின் ஆறாம் பதிப்பும் ஸ்பிரிங்கின் ஆறாம் பதிப்பும் 2022ஆம் ஆண்டில் இப்புதிய பெயர்களோடு வந்தன. பழைய பெயர்களில் நிற்கும் வலைச் சட்டகத்தைப் புதிய சேமிப்பு அடுக்கோடு சேர்ப்பது, இரு வேறு புரி கொண்ட திருகையும் மரையையும் பொருத்த முயல்வது போன்றதாகும்.

இறுதி முடிவுக்கு முன், தெரிவு செய்ய எண்ணும் ஒவ்வொரு சட்டகத்திலும் சிறு மாதிரி ஒன்றை எழுதி, பின்வரும் நான்கு சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

1. பட்டியல் சோதனை: நூறு நிரைகளை அவற்றின் துணைப் பட்டியல்களோடு காட்டுக. ஹைபர்நேட் அனுப்பும் வினவல்களை அச்சிடச் செய்து எண்ணுக. விடை 101 எனில், அதனைக் குறைக்க எவ்வளவு உழைக்க வேண்டியுள்ளது எனக் காண்க.

2. தேநீர் சோதனை: மூன்று திரைகள் கொண்ட ஒரு பணியைத் தொடங்கி, இரண்டாம் திரையில் நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டு வந்து தொடர்க. உலாவியின் 'பின்செல்' பொத்தானை அழுத்துக. அதே பணியை இரு தாவல்களில் திறந்து, ஒன்றின் செய்தி மற்றொன்றில் கலக்கிறதா என நோக்குக.

3. இருவர் சோதனை: ஒரே பையை இரு உலாவிகளில் திறந்து, இரண்டிலும் ஒதுக்குக. இரண்டாமவருக்குப் 'பிறர் மாற்றிவிட்டார்' என்ற செய்தி வர வேண்டும்.

4. விருந்தாளி சோதனை: படிவத்தில் இல்லாத புலமொன்றைச் சேர்த்து அனுப்புக. அது தரவுத்தளத்தை எட்டக்கூடாது.

இந்நான்கையும் செய்து முடிக்க ஒருவருக்குச் சில நாள்கள் பிடிக்கலாம். ஆனால் செயலி முழுவதையும் எழுதிய பின் இக்குறைகளைக் கண்டு திருத்த மாதங்கள் ஆகும்.

ஒப்பீட்டுப் பட்டியல்களில் சட்டகங்களுக்கு மதிப்பெண் இடுவோர் பெரும்பாலும் திரையின் பக்கத்தை மட்டுமே பார்க்கின்றனர். திரைக்குப் பின்னால் பொருள்களும், பொருள்களுக்குப் பின்னால் அட்டவணைகளும், அட்டவணைகளுக்குப் பின்னால் குளிர்பெட்டியில் ஒரே ஒரு பையும் இருக்கின்றன. மூன்றாவது சோதனையில் தேறிய செயலி, அந்த நள்ளிரவில் இரண்டாம் பணியாளருக்கு 'இப்பை இப்பொழுதுதான் ஒதுக்கப்பட்டுவிட்டது' என்று அப்பொழுதே சொல்லியிருக்கும். அவரும் காலம் தாழ்த்தாமல் அடுத்த இரத்த வங்கிக்குத் தொலைபேசியில் பேசியிருப்பார்.